இயந்திரத்தைப் பற்றிய பயமும் மலையைப் பற்றிய பயமும்

ஜெனீவாவுக்கு அருகே செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் கட்டிய, துகள்களை மோதவிடும் லார்ஜ் ஹாட்ரான் கொலைடர் என்ற இயந்திரம் ஓடத் தொடங்குவதால் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி உலகம் அழிந்துவிடும் என்ற பேச்சு, சேலத்தில் டீக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை ஓடிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அப்போது நகரத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். பூமியின் ஒரு மூலையில் கரும்புள்ளி ஒன்று தோன்றி, அது விரிந்து விரிந்து கண்டங்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும் கணினிப் படத்தைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். செப்டம்பர் 9ஆம் தேதி மாலை பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி வராந்தாவில் என்னை நிறுத்தி, "சார், நாளைக்கு ஸ்கூல் இருக்குங்களா?" என்று கேட்டாள். அவள் விடுமுறையைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. இத்தனை ஆண்டுகளில் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும், சேலத்துப் பள்ளிகளிலும், அண்மைக்காலமாக வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளைக் காட்டிக் கேட்கும் உறவினர்களிடமும் நான் பேசிவந்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில், அன்று நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜெனீவாவில் காலை 10.28 மணி, நம் கடிகாரத்தில் பிற்பகல் 1.58 மணிக்கு, புரோட்டான் கற்றை ஒன்று 27 கிலோமீட்டர் வட்டத்தை முதன்முறையாக முழுமையாகச் சுற்றி வந்தது. சில மணி நேரம் கழித்து எதிர்த்திசையில் இன்னொரு கற்றையைத் தனியாகச் சுற்றவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடும் வேலை அன்றைய திட்டத்திலேயே இல்லை. அருகில் வரும் எதையும் விழுங்கிவிடும் கருந்துளை உண்டாகும் என்று யார் அஞ்சினாலும் அது மோதலில்தான் உண்டாக வேண்டும். மோதலே இல்லாத ஒரு நாளை உலகின் கடைசி நாளாக்கிக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் அனுப்பினார்கள். உண்மையான முதல் மோதல்கள் 2009 நவம்பர் 23 அன்று நடந்தன. அந்த நாளைப் பற்றிச் சேலத்தில் என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு நாள் வந்து போனதே யாருக்கும் தெரியாது.

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லையில், தரைக்கு ஏறத்தாழ 100 மீட்டர் அடியில் இருக்கிறது அந்தச் சுரங்க வட்டம். சேலம் பேருந்து நிலையத்தில் ஏறிய பேருந்து கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் கடந்து ஏற்காடு ஏரிக்கரையில் நிற்கும்வரை போகும் தூரத்தை ஒரு வட்டமாக வளைத்தால் கிட்டத்தட்ட அதன் சுற்றளவு கிடைக்கும். 1980களில் துகள்களை வேகப்படுத்தும் வேறொரு முடுக்கிக்காகத் தோண்டிய சுரங்கம் அது. அந்தப் பழைய இயந்திரம் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பிறகு, அதே வட்டத்தில் லார்ஜ் ஹாட்ரான் கொலைடரைப் பொருத்தினார்கள். புரோட்டான்களை வளைத்துத் திருப்ப 1,232 மின்காந்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. அவற்றின் கம்பிகளில் மின்தடை முற்றிலும் மறைய வேண்டுமென்பதற்காகத் திரவ ஹீலியத்தைக் கொண்டு மைனஸ் 271.3 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கிறார்கள். விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளியின் குளிரைவிட அது கடுமையான குளிர். ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட புரோட்டான்கள் அந்த வட்டத்தை ஒரு நொடிக்கு 11,245 முறை சுற்றுகின்றன. இதில் நம் கைவேலையும் இருக்கிறது. அந்தக் காந்தங்களைத் துல்லியமாகத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகள் ஏறத்தாழ 7,000 இந்தியாவில் செய்யப்பட்டுப் போனவை. மும்பை, கொல்கத்தா, இந்தூர் ஆய்வு நிறுவனங்களின் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இயந்திரத்திலும் அதன் சோதனைகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகளைச் சொல்லும்போது பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்கிறேன். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் பயமும் அதே அளவுகளிலிருந்துதான் பிறக்கிறது. இவ்வளவு பெரிய இயந்திரத்திலிருந்து இவ்வளவு பெரிய ஆபத்துதானே வரும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இங்கேதான் ஆற்றல், அடர்த்தி என்ற இரண்டையும் பிரித்துக்காட்ட வேண்டும். புரோட்டான் ஒன்றுக்கு இந்த இயந்திரம் தர வடிவமைக்கப்பட்ட ஆற்றல் 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட். ஒரு டெரா எலெக்ட்ரான் வோல்ட் என்பது பறந்துகொண்டிருக்கும் ஒரு கொசுவிடம் உள்ள இயக்க ஆற்றல். ஆகவே இரண்டு புரோட்டான்கள் மோதும்போது வெளிப்படுவது பத்துப் பதினைந்து கொசுக்களின் ஆற்றலே. அதை ஒரு கொசுவைவிடக் கோடி கோடி மடங்கு சிறிய இடத்துக்குள் குவிக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள அரிய செயல்; பிரபஞ்சம் பிறந்த முதல் கணத்தில் இருந்த நிலைமை அந்தச் சிற்றிடத்தில், ஒரு நொடியின் மிகச் சிறு பின்னம் மட்டும் தோன்றி மறைகிறது.

உண்மையான ஆபத்தும் அந்தச் சுரங்கத்தில் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தனித்தனிப் புரோட்டானின் ஆற்றல் அற்பமானது என்றாலும், ஒரு கற்றையில் உள்ள கோடானுகோடிப் புரோட்டான்களின் ஆற்றலையும் கூட்டினால் 36 கோடி ஜூல் வரும். கற்றை தடம் மாறினால் காந்தங்களைத் துளைத்துவிடும் என்பதால், அதை வெளியேற்றி அடக்குவதற்கென்றே நீண்ட கிராஃபைட் கட்டைகளை வைத்திருக்கிறார்கள். உலகம் அழியவில்லை என்று எல்லோரும் பெருமூச்சு விட்ட ஒன்பதாவது நாள், 2008 செப்டம்பர் 19 அன்று, இரண்டு காந்தங்களுக்கு இடையே இருந்த மின் இணைப்பு ஒன்று பழுதாகி, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டது. கனமான காந்தங்கள் பீடத்திலிருந்து பெயர்ந்து நகர்ந்தன. உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. பழுதுபார்த்து மீண்டும் ஓட்ட ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2016 ஏப்ரலில் மரநாய் வகையைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கு மின்மாற்றியில் ஏறி மின்வெட்டை உண்டாக்க, முழு இயந்திரமும் நின்றுபோனது. இணைப்பு, வெப்பம், கசிவு, அழுத்தம் என்று ஆலையில் வேலை செய்கிற எவருக்கும் பழக்கமான ஆபத்துகள் இவை. சேலம் உருக்காலையில் வேலை பார்த்த ஒருவரிடம் இந்த விபத்தை விவரித்தபோது, அவர் கருந்துளையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை; இணைப்பின் மின்தடையை ஓட்டுவதற்கு முன்பே அளந்து பார்த்தார்களா என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. விபத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான இணைப்புகளையும் கண்காணிக்கப் புதிய ஏற்பாடு செய்தார்கள்.

இனி, கருந்துளை. நமக்குத் தெரிந்த ஈர்ப்பு விதிகளின்படி ஒரு மோதலில் கருந்துளை உண்டாக வேண்டுமானால், இந்த இயந்திரம் தரும் ஆற்றலைப்போல் பத்துக் கோடி கோடி மடங்குக்கு நெருக்கமான ஆற்றல் வேண்டும். நாம் உணரும் மூன்று பரிமாணங்களுக்கு மேல் மறைந்த பரிமாணங்கள் இருந்து, ஈர்ப்பு அவற்றில் கசிகிறது என்று கருதும் சில கோட்பாடுகளில் மட்டுமே, மிக நுண்ணிய கருந்துளைகள் இந்த ஆற்றலில் தோன்றலாம் என்ற கணக்கு வருகிறது. அப்படியே தோன்றினாலும் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டிய வழியில் அவை கதிர்வீச்சாக உடனே ஆவியாகிவிடும். ஹாக்கிங் கதிர்வீச்சை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லையே, அது தவறாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்கள் உண்டு. 2008 மார்ச்சில் ஹவாயில் வழக்குத் தொடுத்தவர்களும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகியவர்களும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்கள். வழக்குகள் நிற்கவில்லை. ஆனால் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பது அந்தக் கேள்விக்கு இயற்பியலின் பதிலாகாது. இயற்பியலின் பதில் வானத்திலிருந்து வருகிறது.

அண்டக்கதிர்கள் எனப்படும் துகள்கள் விண்வெளியிலிருந்து இடைவிடாமல் பூமியின் காற்றுமண்டலத்தில் மோதிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பல, இந்த இயந்திரத்தின் மோதலுக்குச் சமமான அல்லது அதைவிடப் பன்மடங்கு கூடுதலான ஆற்றலோடு வருபவை. 1991இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான ஒரே ஒரு துகளின் ஆற்றல் ஏறத்தாழ 50 ஜூல். பூமி தோன்றிய காலத்திலிருந்து இயற்கை இந்தப் பூமியின்மேல் நடத்திவந்திருக்கும் மோதல்களைக் கணக்கிட்டால், லார்ஜ் ஹாட்ரான் கொலைடரின் முழு ஆய்வுத் திட்டத்தையும் ஒரு லட்சம் முறை நடத்தியதற்கு அது சமம் என்று 2008இல் வந்த பாதுகாப்பு ஆய்வறிக்கை காட்டியது. பூமி இருக்கிறது, நிலா இருக்கிறது, அதே கதிர்களைத் தாங்கும் சூரியனும் இருக்கிறது.

இந்த வாதத்துக்கு ஒரு கூர்மையான மறுப்பு எழுந்தது. அதைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அண்டக்கதிர் மோதலில் பிறக்கும் கருந்துளை அதே வேகத்தோடு பூமியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். ஆனால் இயந்திரத்தில் இரண்டு கற்றைகள் நேருக்கு நேர் மோதுவதால் பிறப்பது மெதுவாக நகர்ந்து பூமிக்குள்ளேயே தங்கிவிடலாம் அல்லவா என்பது அந்த மறுப்பு. கிடிங்ஸ், மங்கானோ என்ற இரு இயற்பியலாளர்கள் இதை எடுத்துக்கொண்டு முழுமையாக ஆராய்ந்தார்கள். எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்களான வெள்ளைக் குறுமீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் பூமியைவிடப் பல லட்சம் மடங்கு அடர்த்தியானவை; எவ்வளவு வேகமாக வரும் நுண்கருந்துளையும் அவற்றுக்குள் நின்றுபோகும். அது ஆபத்தானது என்றால் அந்த விண்மீன்கள் இத்தனை கோடி ஆண்டுகளாக வானத்தில் நீடித்திருக்க முடியாது. நீடித்திருக்கின்றன, தொலைநோக்கியில் பார்க்கிறோம். அஞ்சியவர்களின் கேள்வியைக் கேலி செய்யாமல், அதைக் கேட்டவர்களே நினைத்திராத ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் பதில் தேடிய அந்த உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பின்னர் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதன் மோதல்களைப் பதிவு செய்யும் சிஎம்எஸ் சோதனைக் குழு நுண்கருந்துளையின் அடையாளங்களைத் தேடியது, எதுவும் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். ஆனால் வானத்திலிருந்து துகள்கள் கொட்டுகின்றன என்று சொன்னால், கேட்பவர் ஏன் நம்ப வேண்டும்? அதனால் ஏற்காட்டில் நாகலூருக்கு அப்பால் உள்ள மலைக் கிராமம் ஒன்றுக்கு நானும் நண்பர்களும், துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் ஒரு முகில் அறையைச் செய்து எடுத்துப் போனோம். செலவு அதிகமில்லாத எளிய கருவி அது. சிறிய மீன்தொட்டிக் கண்ணாடிப் பெட்டியின் அடிப்பக்கத்தில் தடித்த கம்பளித் துணியை ஒட்டி, அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பெட்டியைக் கவிழ்த்து, கறுப்பு வண்ணம் பூசிய அலுமினியத் தகட்டின்மேல் வைத்து, விளிம்பைக் களிமண்ணால் அடைத்தோம். தகட்டுக்குக் கீழே ஒரு தட்டில் சேலத்திலிருந்து தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோன டிரை ஐஸ். அறையின் விளக்குகளை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால், முதலில் மெல்லிய தூறல்போல் ஆல்கஹால் துளிகள் இறங்குவது மட்டும் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும். மேலே சூடு, கீழே கடுங்குளிர். தகட்டுக்கு ஒரு விரற்கடை மேலே ஆவி எப்போது வேண்டுமானாலும் துளியாகிவிடத் தயாராக நிற்கும். அதன் ஊடே மின்னூட்டம் உள்ள ஒரு துகள் பாய்ந்தால், அது போன வழியெங்கும் துளிகள் கோத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடாகும்.

முதல் கோடு விழுந்ததும் பிள்ளைகள் கத்திவிட்டார்கள். நீண்டு நேராகச் செல்லும் மெல்லிய கோடு பெரும்பாலும் மியூவான். காற்றுமண்டலத்தின் மேல்பகுதியில் அண்டக்கதிர் மோதிப் பிறந்து, கூரையையும் கண்ணாடியையும் துளைத்து வந்தது. கோணல்மாணலாக வளைவது வேகம் குறைந்த எலெக்ட்ரான். குட்டையாய்த் தடிப்பாய்ச் சட்டென்று நிற்பது ஆல்ஃபா துகள். பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் வேலை. பெட்டியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்த ஒரு சிறுமி, "கைய வெச்சு மறைச்சாலும் உள்ள வருதுங்க சார்" என்றாள். ஆம், வரும். கடல்மட்டத்திலேயே ஓர் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் இன்னும் கூடுதலாகவே போகும். இந்த மியூவான்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய ஆய்வுக்கூடம், கிரேப்ஸ்-3 என்ற பெயரில் நம் ஊட்டியிலேயே இருக்கிறது. 560 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் மியூவான் தொலைநோக்கி, 2014 டிசம்பரில் வந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அளந்து சொன்னது. நம் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

விளக்கம் கிடைக்காத இடத்தில் பயம் என்ன செய்யும் என்பதற்கு 2008 செப்டம்பரிலேயே கொடிய சான்று ஒன்று கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றும், உலகம் அழியப்போகிறது என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்த்து மனம் கலங்கியிருந்தாள் என்று அவளுடைய தந்தை சொன்னார் என்றும் செய்தி வந்தது. ஓர் உயிர் போவதற்கு ஒரே காரணம்தான் இருந்திருக்கும் என்று யாரும் தொலைவிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, வராந்தாவில் நின்று கேட்ட என் மாணவியின் முகத்தோடு சேர்த்தே அதை நினைக்கிறேன். நெருப்பைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள், அது பரவும் வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருப்பாள் என்று நினைத்துப் பார்க்க வேண்டாமா? இயற்பியலாளர்களுக்கும் இதில் கடமை உண்டு. அறிவியலில் பழகியவர்கள் எதையும் "நடக்கவே நடக்காது" என்று சொல்லத் தயங்குவார்கள்; அது அவர்கள் துறையின் ஒழுக்கம். ஆனால் அந்தத் தயக்கத்தை ஒரு தாயோ பிள்ளையோ எப்படிக் கேட்டுக்கொள்வார்கள் என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்த்துப் பேச வேண்டும்.

செர்ன் வளாகத்தில் நிற்கும் நடராசர் சிலையைப் பற்றியும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. அழிவின் தெய்வத்தை வைத்திருக்கிறார்கள், ஆகவே அழிக்கத் திட்டமிடுகிறார்கள் என்று மேலை நாடுகளில் சிலர் கட்டிய கதை, 2016இல் அந்தச் சிலையின் முன் நரபலி நடப்பதுபோல் நடித்து எடுக்கப்பட்ட ஒரு காணொளியால் மேலும் வலுப்பெற்றது. அனுமதியில்லாமல் எடுத்தது என்று செர்ன் அறிவித்து விசாரணையும் நடத்தியது. தில்லையிலும் நம் ஊர்க் கோயில்களிலும் அந்த உருவத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு, ஆக்கலும் காத்தலும் அழித்தலும் மறைத்தலும் அருளலும் ஒரே ஆட்டத்தில் இருப்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையை அங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து, நம் நடராசரையே நமக்குப் பயங்கரமாகக் காட்டும் காணொளிகளைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தொலைவில் உள்ள ஓர் இயந்திரத்தைப் பற்றி. அந்த மலைக் கிராமத்துக் கூட்டத்தில், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கடைசியில் எழுந்தார். காப்பித் தோட்டங்களில் வேலை செய்தே வயதானவர். "அந்த மிசினு வெடிக்குமா வெடிக்காதானு சொல்லிட்டீங்க, சரிங்க. அத்தன தூரம் தோண்டுன கல்ல எங்க கொண்டுபோய்க் கொட்டுனாங்க, அதச் சொல்லலீங்களே" என்றார். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி எடுத்த செம்மண் குழிகளைப் பார்த்து வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் தோன்றும். சேலத்துக்காரர்கள் எல்லோருக்குமே அது தோன்றக்கூடியதுதான். வெள்ளைக்கல் சுரங்கங்களின் குவியல்களை ரயிலில் போகும்போதே பார்க்கிறோம். கஞ்சமலையின் இரும்புத் தாதுக்கு யாராவது வருகிறார்கள் என்ற செய்தி வந்தாலே சுற்றுக் கிராமங்கள் கலங்குகின்றன.

அவருடைய கேள்வி என்னைத் தேனி மாவட்டத்துக்கு இழுத்துப்போனது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு அருகே, நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பாறை மூடிய குகைக்கூடம். அதில் காந்தமாக்கிய 50,000 டன் இரும்பு. அந்த மலையின் சார்னோக்கைட் பாறைதான் நம் சேர்வராயன் மலையின் உடம்பும். திட்டம் அறிவிக்கப்பட்டதும் கதிர்வீச்சு வரும், பயிர் கருகும், அணுக்கழிவைக் கொண்டுவந்து புதைக்கப்போகிறார்கள் என்று பலவிதமான அச்சங்கள் பரவின. இவற்றில் நியூட்ரினோவைப் பற்றியவை ஆதாரமற்றவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அந்த ஆய்வகம் நியூட்ரினோவை உற்பத்தி செய்வதல்ல. வானத்திலிருந்து வருவதைப் பதிவு செய்வது. சூரியனிலிருந்து மட்டுமே நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோக்கள், இரவிலும் பூமியைத் துளைத்துக்கொண்டு, ஒரு சுவடும் இல்லாமல் கடந்துபோகின்றன.

ஆனால் பாறை, வெடி, தண்ணீர், புலிகளின் வழித்தடம், கேரள எல்லையில் உள்ள மதிகெட்டான் சோலைக் காட்டின் அருகாமை, ஊருக்குள் ஓடப்போகும் லாரிகள் ஆகியவற்றைப் பற்றி மக்கள் கேட்டவை இயற்பியல் கேள்விகளே அல்ல. அவற்றுக்கும் "நியூட்ரினோ தீங்கற்றது" என்ற பதிலே மீண்டும் மீண்டும் கிடைத்தது. கேள்வி கேட்டவர் அறியாமையால் கேட்கிறார் என்ற தொனி அந்தப் பதிலில் இருந்தது. அதற்கு முன் நீலகிரியில் சிங்காராவைத் தேர்ந்தெடுத்து, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருந்ததால் 2009இல் அதைக் கைவிட வேண்டியிருந்தது; ஆகவே இடத்தைப் பற்றிய கேள்வி வீண் பயத்தால் எழுந்ததல்ல என்பது திட்டத்தை நடத்தியவர்களுக்கே தெரிந்திருக்கும். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு இதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இயற்பியலை நேசிக்கும் எனக்கு அந்த ஆய்வகம் வராமல் போனது இழப்பு. அதை வேண்டாம் என்று சொன்ன கிராமத்தார்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோலார் தங்கவயலை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் சுவடு 1965இல் அங்கே பதிவானது; இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அந்தக் குழிகளில் இறங்கி உழைத்தவர்களில் வடாற்காடு, தருமபுரி, சேலம் வட்டாரங்களிலிருந்து போன தமிழ்க் குடும்பத்தினர் ஏராளம். 2001இல் சுரங்கத்தை மூடியபோது அவர்களுக்கு மிஞ்சியது வேலையின்மையும், காற்றடித்தால் வீடுகளுக்குள் பறந்துவரும் சயனைடு மண்மேடுகளும். நியூட்ரினோவைக் கண்ட பெருமை புத்தகங்களில் இருக்கிறது. மண்மேடு ஊரில் இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் "சுரங்கம்" என்றதும் முதலில் மண்மேட்டைப் பற்றிக் கேட்டால், அதை மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். மலைக்குப் பாறை மட்டுமே உடம்பு என்றும் எல்லோரும் நினைப்பதில்லை. சேர்வராயன் சாமி குடியிருப்பதே தலை குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகையில்தான்.

இப்போது செர்ன் அடுத்த இயந்திரத்தைத் திட்டமிடுகிறது. ஏறத்தாழ 91 கிலோமீட்டர் சுற்றளவு, சராசரியாக 200 மீட்டர் ஆழம். அதன் சாத்தியக்கூறு ஆய்வறிக்கை 2025 மார்ச்சில் வெளிவந்தது. உறுப்பு நாடுகள் 2028 வாக்கில் முடிவெடுக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. கருந்துளைக் காணொளிகள் அதற்கும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அந்த வட்டத்தின்மேல் குடியிருக்கும் பிரெஞ்சு, சுவிஸ் விவசாயிகளும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் கேட்பது வேறு: விளைநிலம் எவ்வளவு போகும், லாரிகள் எந்தச் சாலையில் ஓடும், மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு செலவாகும், தோண்டும் மண் எங்கே போகும். அந்தக் கேள்விகளை இயற்பியலைக் கொண்டு மூடிவிட முடியாது என்பதைச் செர்ன் உணர்ந்திருக்கிறது. ஊர்க்கூட்டங்கள் நடக்கின்றன, தோண்டியெடுக்கும் மண்ணைப் பயிர் விளையும் மண்ணாக மாற்ற முடியுமா என்று வயல் அளவில் சோதனையும் நடக்கிறது. அந்தச் சோதனையைப் பற்றி நான் படித்தவற்றைத் தமிழில் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை முகில் அறையோடு மலைக்குப் போகும்போது அந்தப் பெரியவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். அடுத்து அவர் ஊற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்பார் என்பதால், சுரங்கம் தோண்டினால் நிலத்தடி நீரோட்டம் எப்படி மாறும் என்பதை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.